சாணி குடித்த மோட்டார்

கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மருதையனின் திட்டுக்குப் போக வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டால் போதும். அணையில் கொஞ்சம் திறந்தால் இடுப்பளவு வந்துவிடும், அப்போது படகும் மூங்கில் கழியும் வேண்டும். மேட்டூர் நிரம்பி, மிச்சத் தண்ணீரையெல்லாம் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டார்கள் என்றால் கழி அடி தொடாது. அப்புறம் மோட்டார்தான் கதி. அந்த வருஷம் ஆவணியில் மேட்டூர் நிரம்பியது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. மருதையன் வீட்டில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் உட்கார்ந்து மேட்டூரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மோட்டார் ஓடவில்லை. புதன்கிழமை குத்தகைப் பதிவு ஆபீசர் வருகிறார்.

திட்டு என்பது ஆற்றுக்கு நடுவே கிடக்கும் வண்டல் மேடு. தாழ்ந்த பக்கம் நெல், மேட்டுப் பக்கம் கத்திரியும் மிளகாயும், நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. பட்டா பண்ணையார் துரைராசு பேரில். சாகுபடி மருதையனின் அப்பா காலத்திலிருந்து மருதையன் வீட்டில். வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உழுகிற குத்தகைக்காரன் பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் விவசாயச் சங்கத்துக்காரர்கள் சொல்லி மருதையன் மனுப் போட்டான். துரைராசு பதில் மனுப் போட்டார். மருதையன் திட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அந்தப் பக்கமே வருவதில்லை, நானே சொந்தமாகச் சாகுபடி செய்கிறேன், கொட்டகையும் என்னுடையதே, வேலை நாட்களில் அங்கேயே பொங்கிச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அதில் கண்டிருந்தது. கணக்குப்பிள்ளையும் அப்படியே எழுதி வைத்திருந்தார். இரண்டு கட்சியையும் வைத்துக்கொண்டு நேரில் பார்க்கிறேன் என்றார் ஆபீசர். அவரால் திட்டுக்குப் போக முடியாவிட்டால் கணக்குப்பிள்ளை எழுதியதே எழுத்து. மருதையனுக்கு வேறு நிலம் கிடையாது.

துரைராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரை வேட்டி கட்டுகிறவர், நல்ல பேச்சாளர். ‘உழுகிறவன் கண்ணீர்’ என்று அவர் மேடையில் ஆரம்பித்தால் ஊரே அழும், ஒரு தடவை அவரே அழுதுவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு அழாதவர்கள் அவருடைய குத்தகைக்காரர்கள் மட்டும்தான். மோட்டார்கூட அவர் கொடுத்ததுதான். பினாங்கில் இருந்த அவர் தம்பி ஒரு காலத்தில் வாத்து சுடுவதற்காகக் கொண்டுவந்தது, வாத்துகள் தப்பித்தன, மோட்டார் நெல் பத்தாயத்துக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. கட்சி விழா ஒன்றில் ‘ஏழைக்கு இயந்திரம்’ என்று மாலை போட்டு மருதையன் தலையில் அதைத் தூக்கி வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். ஓடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பக்கிரி கை பட்டு அது ஓடத் தொடங்கியபோது, கொடுத்தவருக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

பக்கிரி, மருதையன் பெண்டாட்டி அம்சத்தின் கூடப்பிறந்த அண்ணன். துரைராசு பண்ணையிலேயே பம்புசெட் டிரைவர். கேட்டால் இன்ஜினியர் என்றுதான் சொல்லிக்கொள்வான். வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், சட்டைப்பையில் ஸ்பேனரோடு தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான்.

“பண்ணையாருக்குத் தெரிஞ்சுதான் வந்தியா மச்சான்?” என்று கேட்டான் மருதையன்.

“தெரியாம என்னா? தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னுதான் சொன்னேன். மோட்டாருகிட்டப் போனா வேலை கெடையாதுன்னாரு. நான் எங்க மோட்டாருகிட்டப் போனேன்? மோட்டாருல்ல தங்கச்சி வூட்டு வாசல்ல வந்து கெடக்கு.”

“இது படகு மோட்டாரு. நீ ஓட்டறது பம்புசெட்டு. பாத்துச் செய்யி மச்சான்.”

“இன்ஜின்னா எல்லாம் ஒரே சாதிதான் மாப்ளே. மனுசன்தான் பிரிச்சு வச்சிருக்கான்.”

சாக்கை விரித்து மோட்டாரைப் படுக்கவைத்து, தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலைப் பக்கிரி கழற்றினான். உள்ளேயிருந்து கறுப்பாக என்னவோ உதிர்ந்தது. பம்புசெட் இன்ஜினுக்குச் சூடு தணிய மேலே ஒரு தொட்டி உண்டு, அதில் நாம் தண்ணீர் ஊற்றுவோம். இந்த மோட்டார் அப்படியில்லை. காலுக்குள் இருக்கும் ரப்பர்ச் சக்கரம் சுழன்று ஆற்றுத் தண்ணீரைத் தானே உறிஞ்சி மேலே அனுப்பும். அது உடம்பெல்லாம் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உள்ள சின்னத் துவாரம் வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே போகும். பீச்சுகிற வரைக்கும் மோட்டாருக்கு உயிர் உண்டு. பீச்சல் நின்றால் கொஞ்ச நேரத்தில் சூடேறி இறுகிக்கொள்ளும். அந்த ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள்தான் இப்போது சாக்கில் மிளகாய்ச் சருகுபோலக் கிடந்தன.

“இது இஞ்ச கெடைக்காது. பழையாத்துல மீன்காரவுங்ககிட்டதான் இருக்கும்” என்றான் பக்கிரி. “அப்பறம் சோக்கு வேற போயிடுச்சு பாரு. காத்தை மறைக்கிற தட்டே காணோம். அதையும் கேட்டுட்டு வா.”

மருதையன் சைக்கிளில் ஒரு கூடை கத்திரிக்காயைக் கட்டிக்கொண்டு, ஆறு கடலில் சேரும் பழையாறு போனான். கத்திரிக்காய் மட்டும் போதாது என்று பட்டதால் போகிற போக்கில் ஒரு கோழியையும் பிடித்துக்கொண்டான். பொழுது சாய ரப்பர்ச் சக்கரத்தோடு திரும்பி வந்தான். அது வேறு மோட்டாருடைய சக்கரம், கொஞ்சம் பெரிசு, சீவிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சோக்குத் தட்டு கிடைக்கவில்லை. அம்சம் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தக் கோழியக் குடுத்தே?”

“செவலைதான்.”

“முட்டை வக்கிற கோழி அது.”

“அவசரத்துக்குக் கையில அதான் ஆப்புட்டுது.”

“செரி. நாளையிலேருந்து இந்த ரப்பரு முட்டை வக்கிதான்னு பாத்துச் சொல்லு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான், அதற்கப்புறம் புருஷனோடு பேசவில்லை.

பக்கிரி பிளேடால் சக்கரத்தைச் சீவினான். ஒரு பக்கம் சீவினால் மறுபக்கம் தடித்தது, மறுபக்கம் சீவினால் மொத்தமும் லொடலொடவென்று ஆகிப்போனது. கடைசியில் எப்படியோ உள்ளே உட்காரவைத்து முடுக்கினான். சோக்குக்கு அம்சத்தின் பவுடர் டப்பா மூடியை வெட்டித் தட்டு செய்தான். மோட்டாரைத் துறைக்குத் தூக்கிப்போய்ப் படகில் மாட்டிக் கயிற்றை இழுத்தான். பவுடர் மூடி கழன்று ஆற்றில் விழுந்து, மினுக்கிக்கொண்டே முழுகிப்போனது.

“போனாப் போவுது. மாப்ளே, நீ கையால மூடு. சில்லுனு இருக்கிற இன்ஜினுக்குக் காத்துக் கம்மியாக் குடுத்தாத்தான் புடிக்கும்.”

மருதையன் மூடினான். முழுசாக மூடினான். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பெட்ரோல் பொங்கி வழிந்தது. மோட்டார் நனைந்த நாய் மாதிரி ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. பக்கிரி இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோய்ப் படகில் மல்லாந்துவிட்டான். துறையில் கெண்டை மீன் உரசிக்கொண்டிருந்த அம்சம் அண்ணனைப் பார்த்து மட்டும் பேசினாள்.

“அண்ணே, அந்த ஆளைக் கைய எடுக்கச் சொல்லு.”

கையைக் கழுவிவிட்டுப் படகில் ஏறி, மோட்டாரின் காற்று வாயில் உள்ளங்கையை வைத்தாள். சோற்றுப்பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது தட்டை எவ்வளவு விலக்குவாளோ அவ்வளவு இடுக்கு விட்டாள். பக்கிரி எழுந்து ஒரு இழுப்பு இழுத்தான். மோட்டார் பிடித்துக்கொண்டது. அம்சம் கையை எடுத்தாள், நின்றுவிட்டது. வைத்தாள், இழுத்தார்கள், ஓடியது.

“சூடானாக்கூட வுடமாட்டங்குதே” என்று பக்கிரி தலையைச் சொறிந்தான். “எங்கியோ காத்து வாங்குது. பரவால்ல ஆயி. புதங்கெழமை நீயும் வந்துடு. இனிமே நீதான் சோக்கு.”

புதன்கிழமை காலையில் துறையில் ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு, காவி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. துரைராசு தன் வில்வண்டியில் முன்னாலேயே வந்துவிட்டார். வெளுத்த கரை வேட்டி, தோளில் துண்டு, கையில் நாலடுக்கு டிபன் கேரியர். ஆபீசருக்காக அவர் சம்சாரம் தர்மாம்பாள் கைப்படச் செய்தது, புளியோதரையும் கோழி வறுவலும் என்று வாசனையே சொன்னது. மோட்டார் ஓடாது, ஆபீசரைக் கரையிலேயே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

மோட்டார் ஓடியது. ஆனால் பீச்சவில்லை.

“தண்ணி வரலியே மச்சான்” என்று மருதையன் கிசுகிசுத்தான்.

பக்கிரி துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். அவன் முகம் தெளிந்தது. அவனுக்குத் தெரிந்த நோய் இது.

“காத்துப் புடிக்குது மாப்ளே, வேற ஒண்ணுமில்ல. நம்ம பம்புசெட்டுக்கு என்னா செய்வோம்?”

காவிரிப் பாசனத்தில் பம்புசெட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாய் மூட்டில் காற்று வாங்கித் தண்ணீர் ஏறாவிட்டால், சாணியைக் கரைத்து மேல் வாய் வழியாக ஊற்ற வேண்டும். சாணி போய்ச் சந்துபொந்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறிக்கொட்டும். எங்கள் பக்கத்தில் மோட்டார் பம்புக்குச் சாணி மருந்து மாதிரி. படகு மோட்டாருக்குள் தண்ணீர் சுற்றும் வழி ஈர்க்குச்சி அளவுதான் என்பது பக்கிரிக்குத் தெரியாது. அப்போது அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

துரைராசுவின் வண்டி மாடுகள் சமயத்தில் உதவின. அம்சம் சுடச்சுடச் சாணியை அள்ளி வாளியில் கரைத்தாள். பூவரச இலையைப் புனலாகச் சுருட்டித் துவாரத்தில் செருகி, பக்கிரி ஊற்ற ஆரம்பித்தான். மோட்டார் மடக் மடக்கென்று குடித்தது. வாளி காலியானதும் கயிற்றை இழுத்தார்கள். துவாரம் இரண்டு தடவை குமிழி விட்டது, பிறகு பச்சையாக ஒரு பீச்சல் பீச்சியது. மருதையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரத்துக்கு ஆபீசர் தியாகராசன் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனுஷர், வெயிலுக்குக் குடை, கையில் தோல் பை. படகைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார். துரைராசு வேறு வழியில்லாமல் பின்பக்கப் பலகையில், கேரியரைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்சம் படகைவிட்டு இறங்காததைக் கண்டதும் அவர் குரல் எழுந்தது.

“சார், இது முறையில்ல. நோட்டீஸ் மருதையனுக்கும் எனக்கும்தான். இந்தப் பொம்பளை எதுக்கு? இவ பார்ட்டி கெடையாது.”

“ஆமா, யாரு இந்தம்மா?” என்றார் ஆபீசர்.

“பார்ட்டி இல்லீங்க சார்” என்றான் பக்கிரி. “அந்தம்மா சோக்குங்க.”

“என்னது?”

பக்கிரி விளக்கினான். அம்சம் கையை எடுத்துக் காட்டினாள், மோட்டார் திணறியது. வைத்தாள், ஓடியது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மோட்டார் பார்ட்ஸை நீங்க ஆட்சேபிக்க முடியாது மிஸ்டர் துரைராசு. ஆனா ஒண்ணும்மா, சோக்கா வந்தா சோக்காவே இருக்கணும். விசாரணையில பேசக் கூடாது.”

“நான் எதுக்குங்க பேசப்போறேன்” என்றாள் அம்சம்.

“டேய் பக்கிரி, நீ எங்கடா இஞ்ச?” என்று துரைராசு திரும்பினார்.

“தங்கச்சி ஆத்துல போவுதுங்க. பயமா இருக்குமேன்னு வந்தேங்க.”

படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. நடு ஆற்றில் ஒரு சுழி கண்டு மருதையன் மோட்டாரை ஒரேயடியாகத் திருப்பினான். ஆற்றைப் பார்த்துப் பீச்சிக்கொண்டிருந்த துவாரம் இப்போது துரைராசுவைப் பார்த்தது. முதலில் கரை வேட்டி, பிறகு துண்டு, பிறகு முகம். துரைராசு அலறிக்கொண்டு எழுந்தார். எழுந்த கால் கேரியரை உதைத்தது. நாலு அடுக்கும் மூடியோடு கொள்ளிடத்தில் விழுந்து, கொஞ்ச தூரம் கூடவே மிதந்து வந்து, பழையாற்றுப் பக்கம் போய்விட்டது.

“உங்க மாட்டுதுதாங்க, நல்ல சாணி” என்று பக்கிரி சமாதானம் சொன்னான்.

ஆபீசர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். குடை மட்டும் குலுங்கியது. அது நின்றதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இந்த மோட்டார் யாருது?”

“நான் குடுத்தது சார்” என்று துரைராசு முகத்தைத் துடைத்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தினார். “ஏழைக்கு இயந்திரம். பேப்பர்லகூட வந்துச்சு.”

“திட்டுக்கே வராத ஆளுக்குப் படகு மோட்டார் எதுக்கு?”

துரைராசு ஒரு கணம்தான் தடுமாறினார். “மீன் புடிக்க சார்.”

அம்சத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு சும்மா இருந்தாள்.

திட்டு கிட்டே வரும்போது பீச்சல் மெலிந்தது. நூல்போல ஆகி, சொட்டுச் சொட்டாகி, நின்றுபோனது. “எங்கியோ வரட்டி எரியிற வாசனை வருதே” என்றார் ஆபீசர். மோட்டாரின் உடம்பிலிருந்து புகை வந்தது. பக்கிரி வாயைத் திறப்பதற்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டு மோட்டார் இறுகி நின்றுவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பி ஓட்டத்தோடு போக ஆரம்பித்தது. மருதையன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். கழுத்தளவுத் தண்ணீரில் இரண்டு தடவை முழுகி எழுந்து, கரை நாணலைப் பிடித்து, படகை இழுத்துக் கட்டினான்.

எல்லோரும் இறங்கிய பிறகு அம்சத்தின் கையைப் பார்த்தான். புகை வந்தபோதும் அவள் எடுக்கவில்லை, உள்ளங்கை சிவந்து தோல் வழன்றிருந்தது.

“எடுக்கிறதுதானே புள்ளே.”

“எடுத்தா நின்னுபூடும்ல” என்றாள் அம்சம். கோழிக்கு அப்புறம் அவனோடு பேசிய முதல் பேச்சு அது.

விசாரணை கொட்டகை வாசலில், பூவரசு நிழலில் நடந்தது. துரைராசு சும்மா வரவில்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டு எல்லாவற்றையும் மேடைப் பேச்சு மாதிரி நெட்டுருப் போட்டிருந்தார். கத்திரி எப்போது நட்டது, என்ன ரகம், நெல்லுக்கு என்ன உரம், கிழக்கே எல்லை எது, வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும் என்று ஆபீசர் கேட்கக் கேட்க டாண் டாணென்று பதில் வந்தது. சாணி காய்ந்து முகத்தில் வெடித்துக்கொண்டிருந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மருதையன் முறை வந்தது. அவனுக்கு ஒரு தொல்லை இருந்தது. துரைராசுவை ஆண்டே என்று கூப்பிடக்கூடாது என்று சங்கத்தில் சொல்லி அவன் விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக என்னவென்று கூப்பிடுவது என்று சங்கத்தில் சொல்லவில்லை. அதனால் அவரைப் பற்றிய வாக்கியம் எதையும் அவனால் தொடங்க முடியவில்லை.

“குத்தகை நெல்லை யாருகிட்ட அளந்தீங்க?”

“அது வந்துங்க... அவுங்க... இவுங்க...”

“எவுங்க?”

மருதையன் துரைராசுவைப் பார்த்தான். துரைராசு மருதையனைப் பார்த்தார்.

“கத்திரி என்ன ரகம்?”

“கத்திரிங்க... முள்ளு இருக்கும்ங்க... நல்ல கத்திரிங்க.”

அம்சம் எழுந்தேவிட்டாள். ஆபீசர் பேனாவை அவள் பக்கம் நீட்டினார். “சோக்கு பேசக் கூடாது.” அவள் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, முந்தானையால் கையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். இந்த மண்ணில் அவள் போட்ட எருவும் சுமந்த தண்ணீரும் வாய்விட்டுச் சொல்லுமா என்ன.

“என்னப்பா, அவரு எல்லாம் கரெக்டா சொல்றாரு” என்றார் ஆபீசர். “நீங்கதான் முழிக்கிறீங்க. நான் என்னத்தை எழுத?”

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆனால் எழுதி முடித்தாலும் திரும்பிப் போக வேண்டுமே. நாணல் ஓரத்தில் பக்கிரி மோட்டாரைப் பிரித்துப் பரப்பியிருந்தான். ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் கிளறக் கிளற, வெந்த சாணி கட்டிகட்டியாக வந்துகொண்டிருந்தது. சூரியன் உச்சி தாண்டியது. ஆபீசர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“கேரியர் போயிடுச்சு. ஒண்ணு செய்யலாம் மிஸ்டர் துரைராசு. இங்கயே பொங்கிச் சாப்புடுறதா மனுவுல எழுதியிருக்கீங்க. ஏதாவது பொங்குங்களேன்.”

“பேஷா” என்று சொல்லிவிட்ட பிறகுதான் துரைராசுவுக்குத் தான் இதுவரை அடுப்பு மூட்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“சமைக்க அந்தம்மா இருக்கே. சோக்குக்கு இப்ப வேலை இல்ல.”

“அவ கையால...” துரைராசு இழுத்தார். “எனக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க எப்பிடின்னு...”

“நேத்து சீர்காழி மீட்டிங்ல சமபந்தியப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனீங்களாமே. என் டிரைவரு சொன்னான், அழுதுட்டானாம்.”

துரைராசு தலையை ஆட்டினார். ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். கொட்டகைக்குள் அவளை விட்டால் கண்ணை மூடிக்கொண்டு சாமானை எடுப்பாள், ஆபீசர் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

“அம்சம், நீ வெளியில அடுப்ப மூட்டு. சாமானெல்லாம் நான் எடுத்துக் குடுக்கிறேன். என் கொட்டாயி, எனக்குல்ல தெரியும்.”

“செரிங்க ஐயா” என்றாள் அம்சம். வாசலில் கல் கூட்டி, தீ மூட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஏதோ உருண்டது. துரைராசு பானையோடு வெளியே வந்தார். மறுபடியும் போனார், உறியில் தலை இடித்துக்கொண்டார், அரிசி அகப்பட்டது. புளி அந்த உறியிலேயே இருந்தது, அதிர்ஷ்டம்தான். மிளகாய் கூரைமேல் காய்ந்துகொண்டிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்க்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து வைக்கும்போது ஆபீசரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், மனு நிரூபணமாகிக்கொண்டிருக்கிறது என்பதுபோல. அம்சம் வாங்கி வாங்கிச் சமைத்தாள். மருதையன் கத்திரிக்காய் பறித்து வந்தான். சோறு வடித்து, சுட்ட மிளகாய் கிள்ளிப்போட்டுப் புளிக்குழம்பு கொதித்ததும் அதன் வாசனை திட்டு முழுக்கப் பரவியது. பக்கிரி ஈர்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவினான். ஆபீசர் தாமாகவே வாழையிலை அறுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“உப்பு போடணும்ங்க ஐயா” என்றாள் அம்சம்.

துரைராசு உள்ளே போனார்.

உள்ளே பானை உருண்டது. சட்டி உருண்டது. சாக்கு உதறும் சத்தம் கேட்டது. ஒரு எலி வெளியே ஓடி வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே ஓடியது. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

“கெடைச்சுதா மிஸ்டர் துரைராசு?” என்றார் ஆபீசர்.

“இஞ்சதான் சார் வச்சேன். இப்ப வந்துர்றேன்.”

அம்சம் அடுப்பில் விறகை இழுத்துவிட்டு, தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதையன் வாயைத் திறந்தான், அவள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். உப்பில்லாமலே சாப்பிட்டுவிடலாம் என்று பக்கிரி யோசனை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வடித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷர், விடிகாலையில் வண்டி கட்டியவர், சாணியில் குளித்தவர், கோழி வறுவலை ஆற்றோடு அனுப்பியவர். கைக்கெட்டும் தூரத்தில் கத்திரிக்காய்க் குழம்பு. இருட்டுக் கொட்டகைக்குள், வாயெல்லாம் நூலாம்படையோடு, எதைத் தேடுகிறோம் எதற்காகத் தேடுகிறோம் என்பதெல்லாம் துரைராசுவுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். பசி மட்டும் மறக்கவில்லை. வீட்டில் தர்மாம்பாளை அதட்டும் அதே குரலில், திட்டே அதிர ஒரு கத்தல் கத்தினார்.

“ஏ அம்சம், எங்கதான் உப்ப வச்சித் தொலைச்சிருக்கே? நீ வச்ச எடம் உனக்குத்தானே தெரியும்.”

ஆபீசர் கொட்டகை வாசலை நிமிர்ந்து பார்த்தார்.

அம்சம் ஆபீசரைப் பார்த்தாள்.

“சோக்கு பேசலாமாங்க?”

“பேசும்மா.”

அவள் கொட்டகைப் பக்கம் திரும்பி, நிதானமாகக் குரல் கொடுத்தாள்.

“மேக்கால மூலையில, கீத்துக்குள்ள கொட்டாங்கச்சி சொருவியிருக்குங்க ஐயா. ஈரம் படாம இருக்கட்டும்னு போன வருசமே அங்க மாத்திட்டேன். நல்லாக் கைய வுட்டுப் பாருங்க.”

கொஞ்ச நேரம் கழித்துத் துரைராசு வெளியே வந்தார். கையில் கொட்டாங்கச்சி. அதைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார், என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் முகத்தில் ஏறியது. அம்சம் அவர் கையிலிருந்து உப்பை வாங்கிக் குழம்பில் போட்டுக் கலக்கினாள்.

“உக்காருங்க மிஸ்டர் துரைராசு. சாப்புட்டுட்டு எழுதிக்கலாம்” என்றார் ஆபீசர்.

இலை போட்டிருந்தது ஒரே வரிசை. ஆபீசர், பக்கத்தில் துரைராசு, அடுத்து மருதையன், கடைசியில் பக்கிரி. அம்சம் இடது கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் பரிமாறினாள். எல்லோருக்கும் நல்ல பசி. கை கழுவிய பிறகு ஆபீசர் பையைத் திறந்து, பேனாவை எடுத்து எழுதினார். சாகுபடிதாரர் என்ற இடத்தில் மருதையன் பேரை எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். மருதையன் எச்சில் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். அவனுக்கு அழுகை வந்தது, ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

துரைராசு மட்டும் இன்னும் இலையில் உட்கார்ந்திருந்தார்.

“முடிச்சிடலாமா?” என்றார் ஆபீசர். “இதுல நீங்க கடைசியா ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?”

துரைராசு குனிந்து இலையைப் பார்த்தார். கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது.

“கொழம்பு இன்னம் இருக்கா அம்சம்?” என்றார்.